கூப்பிட்ட குரலுக்கு

அசோக் காம்தேயை அறிந்தவர்கள் அவரைப் பற்றிப் பேச்செடுத்தால் அவருடைய உடற்கட்டைச் சொல்லாமல் விட்டதில்லை. இளம் வயதிலேயே பவர்லிஃப்டிங் பழகி, ஜூனியர் போட்டிக்காக இந்தியாவின் சார்பில் பெரு நாடு வரை போய் வந்தவர். கொடைக்கானல் சர்வதேசப் பள்ளியில் 1982 வரை படித்தவர். அதன்பின் மும்பை செயின்ட் சேவியர்ஸ் கல்லூரி, டில்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரி, 1989இல் ஐ.பி.எஸ். தாத்தா நாராயணராவ் காம்தே, நாடு விடுதலை பெற்ற காலத்தில் பம்பாய் மாகாணக் காவல் துறையின் தலைவராக இருந்தவர். அப்பா ராணுவ அதிகாரி. காக்கிச் சட்டை அந்த வீட்டுக்குப் புதிதல்ல.

நக்சலைட்டுகள் நடமாடிய பண்டாரா மாவட்டத்தில் தொடங்கிய வேலை, சாங்லி, சோலாப்பூர் என்று நீண்டது. நடுவே ஐ.நா. காவல் பணிக்காகப் போஸ்னியாவுக்கும் போய் வந்தார். சோலாப்பூரில் ஆணையராக இருந்தபோது, இரவு 10 மணிக்கு மேல் பட்டாசு வெடித்துப் பிறந்தநாள் கொண்டாடிய ஒரு சட்டமன்ற உறுப்பினரை நேரில் போய்க் கைது செய்தார். அந்த ஊர்க்காரர்கள் இன்றும் அதைச் சொல்கிறார்கள். அதிகாரத்தில் இருப்பவர்களிடமும் சட்டத்தைச் சொல்ல ஒருவர் இருந்தார் என்பது ஓர் ஊருக்கு எத்தனை பெரிய ஆறுதல் என்பதை நம்மூரில் வாழ்கிறவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

2008 நவம்பர் 26 இரவு, மும்பை மீது நடந்த பயங்கரவாதத் தாக்குதலில் காம்தே கொல்லப்பட்டார். வயது 43. பயங்கரவாத எதிர்ப்புப் படையான ஏ.டி.எஸ். தலைவர் ஹேமந்த் கர்கரேயும் இன்ஸ்பெக்டர் விஜய் சாலஸ்கரும் ஒரே வண்டியில் அவரோடு இறந்தார்கள். மூவருக்கும் 2009 குடியரசு நாளில் அசோக சக்ரா வழங்கப்பட்டது. மாலை, மரியாதைக் குண்டு முழக்கம், சுவரொட்டி, ‘வீரவணக்கம்’ எல்லாம் முறையாக நடந்தன. நான் இந்த வாரம் எழுத நினைத்தது அதற்குப் பின் நடந்ததைப் பற்றி.

காம்தேயின் மனைவி வினிதா சட்டம் படித்தவர். கணவரை இழந்த துக்கத்தில் இருந்தவருக்கு ஒரு கேள்விக்கு மட்டும் பதில் கிடைக்கவில்லை. காம்தே மும்பை கிழக்கு மண்டலத்தின் கூடுதல் ஆணையர். தென் மும்பை அவருடைய எல்லைக்குள் வராது. அன்றிரவு அவரை முதலில் வரச் சொன்னது ட்ரைடன்ட் ஓட்டல் பக்கம். அப்படியிருக்க, காமா மருத்துவமனைக்குப் பின்னால் உள்ள ரங்பவன் சந்துக்கு அவர் எப்படிப் போனார்? யார் கூப்பிட்டார்கள்? மூன்று பெரிய அதிகாரிகள் ஒரே வண்டியில் ஏறிப் போனது அசட்டுத் துணிச்சல் என்று ஊரில் ஒரு பேச்சும் கிளம்பியிருந்தது. அந்தப் பேச்சுதான் அவரை மிகவும் வாட்டியது.

அவர் கணவரோடு வேலை பார்த்தவர்களைத் தேடிப் போனார். கடைசியாகப் பார்த்தது யார், பேசியது யார், என்ன பேசினார் என்று ஒவ்வொருவராகக் கேட்டார். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுப் போட்டு, காவல் கட்டுப்பாட்டு அறையின் வயர்லெஸ் உரையாடல் பதிவுகளைக் கேட்டார். எளிதில் தரவில்லை, விடாமல் கேட்டு வாங்கினார். பத்திரிகையாளர் வினிதா தேஷ்முக்குடன் சேர்ந்து 2009இல் ‘டு த லாஸ்ட் புல்லட்’ என்ற நூலை எழுதினார். அடக்கமான, பிடிவாதமான நூல். கணவனுக்கு மனைவி பாடும் புகழ்மாலை என்று எண்ணிக் கையில் எடுப்பவர்கள் அதில் மணியையும் நிமிடத்தையும் இடத்தையும் பார்ப்பார்கள்.

அந்த நூலும் நீதிமன்றச் சாட்சியங்களும் சேர்ந்து காட்டும் அந்த இரவு இதுதான். சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தில் பயணிகளைச் சுட்டுக் குவித்த பயங்கரவாதிகள் அஜ்மல் கசாபும் இஸ்மாயிலும் பக்கத்தில் இருந்த காமா மருத்துவமனைக்குள் புகுந்தார்கள். கூடுதல் ஆணையர் சதானந்த் தாத்தே விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு அவர்களைத் துரத்தி மாடிக்கு ஏறினார். கையெறி குண்டு வெடித்துப் படுகாயம் அடைந்தார். உடன் வந்தவர்களில் இருவர் இறந்தார்கள். அந்த நிலையிலும் அவர் வயர்லெஸ்ஸில் உதவி கேட்டுக்கொண்டே இருந்தார். அவருடைய குரலுக்குத்தான் கர்கரே, காம்தே, சாலஸ்கர் மூவரும் காமாவின் பின்பக்கம் வந்து சேர்ந்தார்கள். மருத்துவமனையை முன்பக்கமாகச் சுற்றி வளைக்கும்படி இரவு 11.24க்குக் கர்கரே கட்டுப்பாட்டு அறையிடம் கேட்டது பதிவில் இருக்கிறது. கேட்டபடி ஆட்கள் போயிருந்தால் கசாபும் இஸ்மாயிலும் அந்தக் கட்டடத்தை விட்டே வெளியேறியிருக்க முடியாது என்பது வினிதா காம்தேயின் வாதம்.

நள்ளிரவு நேரம். ஒரு குவாலிஸ் வண்டி. சாலஸ்கர் ஓட்ட, பக்கத்தில் காம்தே, நடு இருக்கையில் கர்கரே, பின்னால் நெருக்கியடித்து நான்கு காவலர்கள். காயம்பட்டுக் கிடக்கும் தாத்தேயை நோக்கிக் கிளம்பிய வண்டி அது. சந்தில் மறைந்திருந்த இருவரும் சுட்டார்கள். வண்டியிலிருந்தும் பதிலுக்குச் சுட்டார்கள். கசாபின் கையில் காயம் பட்டது. அது காம்தேயின் துப்பாக்கிக் குண்டு என்று நூல் சொல்கிறது. ஏழு பேரில் ஆறு பேர் இறந்தார்கள். அந்தச் சந்து செயின்ட் சேவியர்ஸ் கல்லூரியை ஒட்டியது. காம்தே பட்டம் வாங்கிய கல்லூரி.

பிழைத்த ஒருவர் காவலர் அருண் ஜாதவ். சாலஸ்கரின் குழுவைச் சேர்ந்தவர். இந்த மரணங்களைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி அவர் உயிரோடு இருந்து சொன்னது. தோளிலும் கையிலும் குண்டு பாய்ந்து, துப்பாக்கியைத் தூக்க முடியாமல், சக காவலர்களின் உடல்களுக்கு அடியில் அவர் கிடந்தார். முன்னால் இருந்த மூன்று அதிகாரிகளையும் இழுத்துத் தெருவில் போட்டுவிட்டு, பின்னால் இருப்பவர்கள் செத்துவிட்டார்கள் என்று நினைத்து, இருவரும் அதே வண்டியை ஓட்டிப் போனார்கள். வழியில் ஒரு காவலரின் செல்போன் ஒலித்தது. சத்தம் கேட்டதும் முன்னாலிருந்து மறுபடியும் சுட்டார்கள். ஜாதவ் மூச்சை அடக்கிக் கிடந்தார். டயர் போய் வண்டி நின்றதும் இருவரும் இறங்கி ஒரு ஸ்கோடா காரைப் பறித்துக்கொண்டு போனார்கள். ஜாதவ் செய்த முதல் வேலை, எட்டி வயர்லெஸ்ஸைப் பிடித்துக் கட்டுப்பாட்டு அறைக்கு நடந்ததைச் சொன்னதுதான்.

அந்த ஸ்கோடா கிர்காவ் சௌபாத்தியில் மடக்கப்பட்டது. உதவி சப்-இன்ஸ்பெக்டர் துக்காராம் ஓம்ப்ளே கசாபின் துப்பாக்கிக் குழலைப் பிடித்துக்கொண்டு குண்டுகளைத் தன் உடம்பில் வாங்கினார். கசாப் உயிரோடு சிக்கினான். ஆத்திரத்தில் அவனை அடித்துக் கொன்றுவிடாமல், இவன் சாட்சி என்று தடுத்தவர் ஓம்ப்ளேக்குப் பக்கத்தில் நின்ற சஞ்சய் கோவில்கர் என்ற அதிகாரி. அவருக்கும் குண்டுக்காயம். பிற்பாடு ஜாதவ் நீதிமன்றத்தில் கசாபை அடையாளம் காட்டினார். 166 உயிர்களைக் குடித்த அந்தத் தாக்குதலின் சூத்திரம் எங்கே கட்டப்பட்டது என்பது உலகத்துக்குத் தெரிய வந்தது இப்படித்தான். தாத்தே கூப்பிட்டார், கர்கரே கேட்டார், ஜாதவ் சொன்னார். மரித்தவர்களையும் பிழைத்தவர்களையும் அந்த வயர்லெஸ் குரல்களே ஒன்றாகக் கட்டியிருக்கின்றன.

காயம்பட்ட அதிகாரிகள் ஏறத்தாழ 40 நிமிடம் கவனிப்பார் இல்லாமல் அந்தச் சந்தில் கிடந்தார்கள் என்று நூல் சொல்கிறது. என்னால் கடந்துபோக முடியாத இடம் அதுதான். குறுக்குச் சந்துகளும் காவல் நிலையங்களும் மருத்துவமனையும் சூழ்ந்த நகரின் நடுப்பகுதி அது. நகரமே எரிந்துகொண்டிருந்த இரவு, எத்தனை இடத்துக்கு ஆள் அனுப்புவது என்ற நியாயமும் இருக்கிறது. கட்டுப்பாட்டு அறையில் பொறுப்பிலிருந்த மூத்த அதிகாரி தன்மீதான குற்றச்சாட்டை மறுத்தார். அரசு நியமித்த ராம் பிரதான், பாலச்சந்திரன் இருவர் குழு தனியாக விசாரித்து, காவல் தலைமையின் குறைகளைச் சுட்டிக்காட்டியது. யார் சரி, யார் பிழை என்று தீர்ப்பெழுத நான் ஆளில்லை. ஆனால் கேள்வியைக் கேட்டதற்காக வினிதாவை நான் வணங்குகிறேன். காம்தேயும் மற்றவர்களும் அசட்டுத்தனமாகப் போகவில்லை, கூப்பிட்ட குரலுக்குப் போனார்கள் என்பதை அவர் நிமிடக் கணக்கோடு நிறுவினார். ஒரு மனைவி தன் கணவருக்குச் செய்யக்கூடிய கடைசிக் கடமை அது.

நடுகல் நட்ட நம் முன்னோர் இதைப் புரிந்துகொண்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகல்லில் புகழுரை கிடையாது. மாண்டவன் பெயர், கூடலூர், அங்கே மாடுகளைக் கவர நடந்த ஆகோள் பூசல், அவ்வளவுதான். செங்கம் பக்கத்து எடுத்தனூர்க் கல்லில் கள்வர்களை மறித்து நின்ற கோவிவன் என்ற நாய்கூடப் பெயரோடு இருக்கிறது. யார், எங்கே, எதற்காக, கூட நின்றது யார். இத்தனையும் கல்லில் ஏறியாக வேண்டும் என்று நினைத்தவர்களின் வழியில் வந்தவர்கள் நாம்.

அந்த ஆகோள் பூசல் பழங்கதையும் இல்லை. 2021 நவம்பரில் திருச்சி நவல்பட்டு காவல் நிலைய சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர் பூமிநாதன், இரவு ரோந்தில் ஆடு திருடிப் போனவர்களைத் தன் இருசக்கர வாகனத்தில் துரத்தி, மாவட்ட எல்லை தாண்டிப் புதுக்கோட்டைப் பக்கம் பள்ளத்துப்பட்டியில் மடக்கிப் பிடித்தார். உதவிக்கு வரச் சொல்லிச் சக காவலருக்குப் போன் செய்தார். அவர் வந்து சேர்வதற்குள் வெட்டப்பட்டார். முதலமைச்சர் ஒரு கோடி ரூபாய் அறிவித்தார். ரோந்து போகிறவர்கள் துப்பாக்கியோடு போங்கள் என்று அப்போதைய டிஜிபி சைலேந்திரபாபு அறிவுறுத்தினார். இரண்டும் அவசியமானவை. ஆனால், ஒற்றை ஆளாக அந்த இருட்டில் அவர் நிற்க நேர்ந்தது எப்படி என்ற கேள்வி அடுத்த ரோந்துக்காரரின் உயிர்ப் பிரச்சினை.

காவல் துறையில் வேலை பார்க்கிற நண்பர்களோடு பேசும்போதெல்லாம் பேச்சு இதில்தான் வந்து நிற்கும். கத்தியையும் துப்பாக்கியையும் பற்றி அவர்கள் அதிகம் பேசுவதில்லை. மைக்கில் கூப்பிட்டால் ஆள் வருமா, எத்தனை நேரத்தில் வரும், நிலையத்தில் வண்டி இருக்குமா, வண்டியில் டீசல் இருக்குமா, ஓட்ட டிரைவர் இருப்பாரா என்றுதான் கவலைப்படுகிறார்கள். உடன் வேலை பார்த்த ஒருவர் இறந்துபோனால் அவர்கள் நினைவில் தங்குவதும் இதுவே: ‘கூப்பிட்டால் வந்துவிடுவார்.’ எந்தப் பதக்கத்தின் குறிப்புரையிலும் இதைவிடப் பெரிய பாராட்டை நான் கண்டதில்லை. காம்தேக்கும் அது பொருந்தும். தன் எல்லை இல்லை என்று ஒதுங்காமல், கூப்பிட்ட இடத்துக்குப் போனவர்.

ஒவ்வொரு ஆண்டும் அக்டோபர் 21 காவலர் வீரவணக்க நாள். 1959இல் அதே நாளில் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸ் பகுதியில் சீனப் படையினரால் கொல்லப்பட்ட பத்துக் காவலர்களின் நினைவாக அனுசரிக்கப்படுவது. சென்னையில் டிஜிபி அலுவலக வளாகத்தில் உள்ள நினைவுத் தூணுக்கு மலர்வளையம் வைப்பார்கள். டில்லி சாணக்கியபுரியில் 2018இல் திறக்கப்பட்ட தேசியக் காவலர் நினைவகத்தில் 30 அடி உயரக் கருங்கல் தூணும், சுவர் நிறையப் பெயர்களும் இருக்கின்றன. திறந்தபோதே அந்தப் பெயர்கள் 34,844. அந்தச் சுவரின் முன் நிற்கும் எவரும் தலைகுனிவார்கள். நானும் குனிகிறேன்.

அதோடு ஒன்றையும் கேட்கிறேன். பணியில் ஒரு காவலர் கொல்லப்பட்டால், அன்று அவரோடு இருந்த ஏட்டு முதல் கட்டுப்பாட்டு அறையில் மைக் பிடித்தவர் வரை அனைவருடைய வாக்குமூலமும் சில மாதங்களுக்குள் தொகுக்கப்பட வேண்டும். யாரையும் தண்டிக்கும் நோக்கமில்லாமல், அச்சமின்றிப் பேச அவர்களுக்கு உறுதி தர வேண்டும். ரகசியம் காக்க வேண்டியதை விலக்கிவிட்டு மீதியைக் குடும்பத்திடம் முதலிலும், பொதுவெளியில் அடுத்தும் வைக்க வேண்டும். காவலர் பயிற்சிப் பள்ளிகளில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு அதைப் பாடமாகச் சொல்லித்தர வேண்டும். கணவன் எப்படி இறந்தான் என்று தெரிந்துகொள்ள ஒரு மனைவி தகவல் உரிமை மனுப் போட்டு அலையும் நிலை இனி எந்த வீட்டுக்கும் வரக் கூடாது. காம்தேயின் மனைவிக்குப் படிப்பும் துணிவும் இருந்தன, துணைக்கு ஒரு பத்திரிகையாளரும் இருந்தார். அன்று அதே வண்டியின் பின்பக்கத்தில் இறந்த மூன்று காவலர்களின் வீட்டில் கேட்பதற்கு யார் இருந்தார்கள்?

மலர்வளையம் வைக்கும் கடமை அரசுக்கு. நடந்ததைக் கேட்கும் கடமை நமக்கு. கேட்டுத் தெரிந்துகொண்டால்தான், இன்றிரவு ஏதோ ஓர் ஊரில் ரோந்தில் நிற்கும் காவலர் மைக்கை எடுத்துக் கூப்பிடும்போது ஆள் போய்ச் சேரும்.