110 கிராமுக்காக நனைய வேண்டுமா?

சென்ற இதழில் வெளியான ஹேமக் (தொங்கு படுக்கை) தார்ப்பாய் கட்டுரை, அமெரிக்காவின் அப்பலாச்சியன் நெடும்பாதையில் முதன்முறை நடக்கப் போகிறவர்களுக்கு ஓர் அறிவுரை சொல்கிறது. முதுகுச் சுமையைக் குறைக்க முதலில் கை வைக்க வேண்டியது தார்ப்பாயில்தானாம். சாய்சதுரப் பாய் போதுமாம், அறுகோணப் பாய் பயந்தவர்கள் சுமக்கும் வீண் சுமையாம். அறிவுரை தவறு. அதற்கு ஆதாரமாகக் கட்டுரையாளர் காட்டும் எடைக் கணக்கு அதைவிட மோசம், ஏனென்றால் அது நேர்மையற்றது.

கணக்கையே முதலில் எடுத்துக்கொள்வோம். சிறிய பாய் 80 கிராம், பெரிய பாய் 400 கிராம், ஆகவே 320 கிராம் லாபம் என்கிறார். அந்தச் சிறிய பாய் எந்தத் துணி? டைனீமா. முன்பு கியூபன் ஃபைபர் என்ற பெயரில் பந்தயப் படகுகளின் பாய்க்குப் பயன்பட்ட துணி, சதுர மீட்டருக்குச் சுமார் 18 கிராம்தான். பெரிய பாயோ சில்நைலான், சதுர மீட்டருக்கு 47 கிராம் அளவில் வருவது. போதாக்குறைக்கு அது பனிக்காலத்துக்கென்று இரு முனையிலும் கதவு வைத்துத் தைத்த பாய். ஆக, விலை உயர்ந்த துணியில் செய்த மிகச் சிறிய வடிவத்தையும், கனமான துணியில் செய்த மிகப் பெரிய வடிவத்தையும் எதிரெதிரே நிறுத்திவிட்டு, வித்தியாசம் முழுவதையும் வடிவத்தின் கணக்கில் எழுதியிருக்கிறார். வடிவத்தை ஒப்பிடுகிறவர் துணியை மாற்றக் கூடாது என்பது பள்ளிப் பரிசோதனைக் கூடத்திலேயே சொல்லித் தரும் விஷயம்.

ஒரே துணியில் கணக்குப் போடுவோம். முகட்டு நீளம் 3.35 மீட்டர், நடு அகலம் 2.6 மீட்டர். சாய்சதுரமாக வெட்டினால் பரப்பு 4.4 சதுர மீட்டர் வரும். அறுகோணமாக வெட்டினால் 7.1 வரும். சதுர மீட்டருக்கு 40 கிராம் உள்ள சில்பாலி என்ற பாலியெஸ்டர் துணியில் முதலாவது 175 கிராம், இரண்டாவது 285. வித்தியாசம் 110 கிராம். கூடுதலாக இரண்டு முளை, இரண்டு இழுகயிறு சேர்த்தாலும் 150-ஐத் தாண்டாது. அதே அறுகோணத்தை அவர் கொண்டாடும் டைனீமாவிலேயே தைத்தால் வெறும் 130 கிராம், அதாவது சில்பாலிச் சாய்சதுரத்தைவிட இலேசு. இந்த ஒரு வரி அவர் கட்டுரையில் இருந்திருந்தால் மீதிக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. டைனீமா விலையில் பல மடங்கு, முள்ளிலும் கிளையிலும் உரசினால் சீக்கிரம் பழுதாகும் என்பதையும் அவர் சொல்லவில்லை.

இனி மழை. தார்ப்பாய் தலைக்கு மேல் பிடித்த குடை, நேராக விழும் மழையைத் தடுத்தால் போதும் என்பது அவர் எண்ணம். மலையில் மழை நேராக விழுவதில்லை. 2 மி.மீ. விட்டமுள்ள துளி விநாடிக்குச் சுமார் 6.5 மீட்டர் வேகத்தில் இறங்குகிறது, மணிக்கு 23 கி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். அதே வேகத்தில் காற்று அடித்தால் மழை 45 பாகைக்குச் சாய்ந்து வரும். மலை முகட்டில் அது புயல் அல்ல, சாதாரணக் காற்று.

அந்தச் சாய்மழையில் உங்கள் கால் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஹேமக்கில் யாரும் நேராகப் படுப்பதில்லை, முதுகு வளையாமலிருக்கக் குறுக்காகத்தான் படுப்போம். பாதம் நடுவிலிருந்து 90 செ.மீ. தள்ளியும், முகட்டுக்கயிற்றின் நேர்கோட்டிலிருந்து ஒரு பக்கமாக 30 செ.மீ. ஒதுங்கியும் இருக்கும். மேலே சொன்ன சாய்சதுரத்தின் அரை அகலம் அந்த இடத்தில் 60 செ.மீ.தான். பாயைச் சரித்துக் கட்டுவதால் கிடைமட்டத்தில் அது 42 ஆகிவிடும். பாதத்துக்கு வெளியே மிஞ்சுவது 12 செ.மீ., ஒரு சாண்கூட இல்லை. பாயின் ஓரமோ பாதத்துக்கு ஒரு சாண் மேலே நிற்கிறது. 45 பாகையில் வரும் துளி எங்கே விழும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அறுகோணப் பாயில் அதே இடத்தில் முழு அகலமும் அப்படியே இருக்கும், கிடைமட்டத்தில் 92 செ.மீ. ஹென்னெஸி நிறுவனத்தின் ஹேமக்கோடு வரும் கோணல் வெட்டுப் பாய் இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டும்தான். ஆனால் அவர் பரிந்துரைப்பது அதை அல்ல, சமச்சீரான சாய்சதுரத்தை.

நனைந்தால் காலையில் காய வைத்துக்கொள்ளலாம் என்கிறார். ஹேமக்கில் படுத்துப் பழகியவர் எழுதக்கூடிய வாக்கியமா இது? நம் எடை முதுகுக்குக் கீழுள்ள பறவைத் தூவியை நசுக்கிவிடுவதால், ஹேமக்கில் சூட்டைக் காப்பது உள்ளே விரிக்கும் போர்வை அல்ல, வெளியே அடியில் தொங்கும் அடிப்போர்வை. சாய்மழை முதலில் தொடுவதும் அதைத்தான். ஜார்ஜியாவில் மழை ஓய்ந்த ஒரு காலையில், சாய்சதுரப் பாயின் கீழ் இரவைக் கழித்த ஓர் இளைஞனுக்கு அடிப்போர்வையை மடிக்க உதவினேன். தலைப்பக்கம் நன்றாக உப்பியிருந்தது. கால்பக்கத்தில் அறைக்கு அறை தூவி ஈரத்தில் திரண்டு, தையலோரம் சின்னக் கட்டியாக ஒதுங்கியிருந்தது. மற்ற இடத்தில் என் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இரண்டு மெல்லிய துணிகளுக்கு அப்பாலும் இப்பாலும் ஒன்றையொன்று உணர்ந்தன. அந்தப் பையனின் உதடு நீலமாக இருந்தது, காலணிக் கயிற்றை அவனால் முடிச்சுப் போட முடியவில்லை. உடல் வெப்பம் 35 பாகைக்குக் கீழே போக உறைபனி தேவையில்லை, 5 பாகைக் குளிரும் ஈரமும் காற்றும் போதும். தூவி அன்று காயவுமில்லை, ஏனென்றால் அன்றும் மழை.

மழை பெரிதானால் பாதையோரக் கொட்டகைக்குப் போய்விடலாம் என்ற வாதம் இன்னும் ஆபத்தானது. கொட்டகைகள் பல மைல் இடைவெளியில்தான் இருக்கின்றன, மழை வந்தால் எல்லோரும் அங்கேதான் ஓடுகிறார்கள். பாதை ஊடே செல்லும் கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவையே எடுத்துக்கொள்வோம். அதன் உயர்ந்த பகுதிகளில் ஆண்டுக்கு 2,100 மி.மீ.க்கு மேல் மழை பெய்கிறது, சென்னையில் பெய்வதைப் போல ஒன்றரை மடங்கு. அங்கே கொட்டகைக்குள் ஹேமக் கட்ட அனுமதி இல்லை. கொட்டகை நிறைந்துவிட்டால், முன்பதிவு செய்தவருக்கு இடம் விட்டு நெடும்பயணிதான் வெளியே போக வேண்டும். அதாவது மழை கொட்டும் இரவில், வெளியே, தன் தார்ப்பாயை நம்பி. சிறிய பாய்க்குத் துணை நிற்பதாக நினைத்து அவர் எழுதிய வாதம், பெரிய பாய்க்குத்தான் சாட்சி சொல்கிறது.

கடைசியாக எம்மா கேட்வுட் பாட்டியை இழுத்திருக்கிறார். 1955-இல் 67 வயதில் அந்தப் பாதை முழுவதையும் தனியாக நடந்தவர், மழைக்குக் கையில் வைத்திருந்தது ஒரு குளியலறைத் திரை என்பது உண்மை. ஆனால் அவர் ஹேமக்கில் தூங்கவில்லை. கொட்டகைகளிலும், வழியில் கதவு திறந்தவர்களின் வீடுகளிலும், திண்ணைகளிலும், தரையிலும் படுத்தார். மே மாதம் புறப்பட்டுச் செப்டம்பரில் முடித்தார். அவருடைய திரையை எடுத்து, மார்ச்சிலேயே புறப்படுகிறவரின் ஹேமக்குக்கு அளவுகோலாக்குவது மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது. அந்தப் பெண்மணியின் மன உறுதிக்கு அது மரியாதையும் அல்ல.

கதவு வைத்த பாயை நான் சிபாரிசு செய்யவில்லை. பனி பெய்யாத மாதங்களில் அந்தக் கூடுதல் துணி உண்மையிலேயே வீண். ஜூலையில், தாழ்ந்த காட்டில், வானிலை அறிக்கை தெளிவாக இருக்கும் ஒற்றை இரவுக்குச் சாய்சதுரம் தாராளமாகப் போதும், அந்த அளவில் அவரோடு எனக்குச் சண்டை இல்லை. வசந்தத்தில் வாரக்கணக்கில் நடப்பவருக்கு ஹேமக்கின் இரு முனையிலும் ஒரு சாணாவது மிஞ்சும் முகட்டு நீளமுள்ள அறுகோணப் பாய் வேண்டும். 3.35 மீட்டர் ஹேமக் தொங்கும்போது 2.8 மீட்டருக்குச் சுருங்குகிறது என்பதால் 3.35 மீட்டர் பாய் அதற்குச் சரியாக அமையும். ஓரம் உள்வளைவாக வெட்டியதாக இருந்தால் காற்றில் படபடக்காது. துணி சில்பாலி நல்லது. நைலான் ஈரத்தில் தொய்ந்து, நடுராத்திரியில் எழுந்து கயிற்றை இழுத்துக் கட்ட வைக்கும்.

கட்டுரையாளர் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அந்த எடைக் கணக்கை, துணி வேறு வடிவம் வேறு என்று பிரித்து, அடுத்த இதழிலேயே திருத்தி வெளியிட வேண்டும். மார்ச்சில், பாதையின் தெற்கு முனையான ஸ்பிரிங்கர் மலையில் நடையைத் தொடங்குகிறவர்கள் தார்ப்பாய் வாங்குவது அதற்கு முந்தைய மாதங்களில்தான்.