ஆங்கில மருந்துக்கும் பத்தியம் உண்டு

சித்த, ஆயுர்வேத வைத்தியரிடம் செல்லும் நோயாளி மருந்தைக் கையில் வாங்கியதும் கேட்கும் முதற் கேள்வி "என்ன பத்தியம்?" என்பதாகும். அதே நோயாளி அரசாங்க வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் குளிசைகளைப் பெறும்போது அக்கேள்வியைக் கேட்பதில்லை. ஆங்கில மருந்துக்குப் பத்தியமில்லை என்ற எண்ணம் நம்மவர் மத்தியில் ஊறிப்போயுள்ளது. கேட்கும் ஒருசிலரும் "எல்லாம் சாப்பிடலாம்" என்ற பதிலுடன் அனுப்பப்படுவதுண்டு. இவ்வெண்ணம் தவறானது என்பதற்குச் சான்று தேடி வெளிநாடு செல்ல வேண்டியதில்லை.

காசநோய்ச் சிகிச்சையின் அடிப்படை மருந்துகளில் ஒன்று ஐசோனியாசிட். இதனை உட்கொண்டுவந்த நோயாளர் சிலருக்குச் சூரை இன மீனை உண்டபின் முகம் சிவத்தல், கடும் தலைவலி, நெஞ்சு படபடப்பு, அரிப்பு ஆகியன ஏற்பட்டமையை இலங்கை மருத்துவர்களான ஊரகொட, கொத்தேகொட ஆகியோர் 1977 ஆம் ஆண்டிலேயே மருத்துவ உலகுக்கு அறிவித்தனர். பிடித்த மீன் உரிய முறையில் பனிக்கட்டியில் வைக்கப்படாவிடின் அதில் ஹிஸ்டமின் என்ற பொருள் பெருகும். சமைத்தாலும் அது அழிவதில்லை. அதனைச் சிதைக்கும் உடலின் நொதியத்தை ஐசோனியாசிட் தடுத்துவிடுவதால், ஏனையோருக்கு அதிகம் தீங்கு செய்யாத கறி நோயாளிக்கு நஞ்சாகிறது. இதனை அறியாத நோயாளி மருந்துதான் ஒத்துக்கொள்ளவில்லை என முடிவு செய்து, ஆறு மாதச் சிகிச்சையை இடையில் கைவிட்டால் நோய் மீளும். மருந்துக்கு அடங்காத காசநோயாக மாறவும் கூடும். மீனின்றிச் சோறு இறங்காத நாட்டில் இது சிறிய விடயமன்று.

தேநீரின் கதையும் இத்தகையதே. கர்ப்பிணித் தாய்மாருக்கு வழங்கப்படும் இரும்புச்சத்துக் குளிசையைத் தேநீருடன் விழுங்கினால் இரும்புச்சத்து உடலிற் சேர்வது வெகுவாகக் குறைகிறது. தேயிலையே வாழ்வாகிவிட்ட மலையகத் தாய்மாருக்கு இதனை வற்புறுத்திச் சொல்வது அவசியமாகும். குளிசைக்கும் தேநீருக்குமிடையே ஓரிரு மணிநேர இடைவெளி இருந்தாற் போதும். தைரொயிட் குறைபாட்டுக்கான குளிசையை வெறுவயிற்றில் தண்ணீருடன் எடுக்க வேண்டும் என்பதும் இவ்வகைப்பட்டதே. செயற்கை இதய வால்வு பொருத்தப்பட்டு, இரத்த உறைவைத் தடுக்கும் வாபரின் உட்கொள்வோர் நிலை சற்று வேறானது. கீரை வகைகளிலுள்ள விற்றமின் கே அம்மருந்தின் வலுவைக் குறைக்கும். இதற்காகக் கீரையையே ஒதுக்கிவிடுமாறு கூறுவோரும் உளர். அது சரியான ஆலோசனையன்று. நாளாந்தம் உண்ணும் அளவு ஏறக்குறைய ஒரே சீராக இருக்க வேண்டும் என்பதே மருத்துவர்கள் வேண்டுவது. ஒரு மாதம் வல்லாரையும் முருங்கையிலையும் நாள்தோறும் உண்டு, மறுமாதம் முற்றாக நிறுத்துவதே வில்லங்கம்.

மதுபானத்தைப் பொறுத்தவரை நிலைமை மேலும் பாரதூரமானது. குளிசை மூலமோ இன்சுலின் மூலமோ நீரிழிவைக் கட்டுப்படுத்தும் ஒருவர் உணவின்றிச் சாராயம் அருந்தினால், இரத்தத்திற் சீனி குறையும்போது ஈரல் அதனை ஈடுசெய்வதை மது தடுத்துவிடும். வியர்வை, தள்ளாட்டம், பேச்சுக் குழறல், பின்னர் மயக்கம். பார்ப்பவர் வெறி என்று எண்ணி உறங்க விட்டுவிடுவர்; அவ்வுறக்கத்திலிருந்து அவர் எழாமலே போகவும் கூடும். நாள்தோறும் அதிகம் குடிப்பவர் மறுநாட் காலைத் தலைவலிக்குப் பனடோலை அளவுமீறி விழுங்குவது ஈரலுக்குக் கேடு. தடிமனுக்குக் கொடுக்கப்படும் சாதாரணக் குளிசைகளிற் சில மதுவுடன் சேரும்போது கடும் தூக்கத்தைத் தரும். முச்சக்கரவண்டியோ பேருந்தோ ஓட்டுபவருக்கு இது உயிர்ப் பிரச்சினை. இவற்றைவிடப் பரவலான இன்னொன்றும் உண்டு. "இன்று குடிக்கப் போகிறேன், ஆகவே குளிசை வேண்டாம்" என்று இரத்த அழுத்த மருந்தையும் வலிப்பு மருந்தையும் விட்டுவிடுவோர் பலர். குடியைக் கண்டிக்கும் மருத்துவரிடம் எவரும் இதனைச் சொல்வதில்லை. நோயாளி உண்மை சொல்லும் வகையில் மருத்துவர் கேட்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

நோயாளிக்கு இவையெல்லாம் தெரியாதிருப்பது ஏன்? வெளிநாட்டிலிருந்து வரும் மருந்துப் பெட்டிக்குள் ஆங்கிலத் துண்டுப்பிரசுரம் உண்டு. நமது சந்தைகளில் அரிதாகவே காணப்படும் கிரேப்புறூட் பழத்தைப் பற்றிய எச்சரிக்கைகூட அதில் இருக்கும். ஆனால் உதிரியாக எண்ணிக் கடதாசி உறையிலிட்டுக் கொடுக்கப்படும் குளிசையுடன் அப்பிரசுரம் வருவதில்லை. உறையில் இருப்பது பெரும்பாலும் மருந்தின் பெயரும் வேளைக் குறிப்புமே. 2022 பொருளாதார நெருக்கடியைத் தொடர்ந்து வைத்தியர்கள் பலர் நாட்டைவிட்டு வெளியேறியதால், எஞ்சியோருக்கு நோயாளியுடன் பேசுவதற்கான நேரம் மேலும் சுருங்கிவிட்டது என்பதை மறுப்பதற்கில்லை. எனவேதான் வாய்ச்சொல்லை மட்டும் நம்பியிராது எழுத்திற் கொடுக்க வேண்டியுள்ளது. தமிழ் 1987 முதல் இந்நாட்டின் அரசகரும மொழியுமாகும். தமிழில் எழுதிக் கொடுப்பதைச் சலுகையாகக் கருத வேண்டியதில்லை.

2015 ஆம் ஆண்டின் தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகாரசபைச் சட்டத்தின்கீழ் ஒழுங்குவிதிகளை ஆக்கும் அதிகாரம் சுகாதார அமைச்சருக்கு உண்டு. புதிய சட்டம் தேவையில்லை. பெரும் செலவும் இல்லை. "தேநீருடன் எடுக்க வேண்டாம்", "மதுவுடன் ஆபத்து", "வாகனம் ஓட்ட வேண்டாம்" என்ற வாசகங்கள் சிங்களத்திலும் தமிழிலும் செதுக்கப்பட்ட இறப்பர் முத்திரைகள் ஒவ்வொரு மருந்து வழங்கும் கருமபீடத்திலும் இருந்தாற் போதுமானது. காசநோய்ச் சிகிச்சை நிலையங்களிலிருந்தே இதனைத் தொடங்கலாம். சூரை மீன் பற்றிய அந்த ஒருவரி எச்சரிக்கைக்கான ஆராய்ச்சியை நம்மவர்களே 1977 இல் செய்து முடித்துவிட்டார்கள்.