எந்த ஃபார்முலா, சார்?

பதினொன்றாம் வகுப்பில் வேதியியல் தொடங்கி இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது. 25 கிராம் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் எத்தனை கிராம் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும் என்று பலகையில் எழுதிவிட்டுத் திரும்புவேன். கணக்கில் என்ன கொடுத்திருக்கிறது, என்ன கேட்டிருக்கிறது என்று பார்க்கும் முன்பே முன்வரிசையிலிருந்து குரல் வரும்: “எந்த ஃபார்முலா, சார்?”

பல ஆண்டுகள் நான் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஃபார்முலாவை எழுதி, அதைச் சுற்றிக் கட்டமும் கட்டினேன். ஆகவே இந்தக் கண்டனத்தில் குற்றவாளிக் கூண்டில் ஏறும் முதல் ஆள் நானேதான்.

மோல் கணக்கு, செறிவுக் கணக்கு எல்லாமே ஃபார்முலா விஷயம், மனப்பாடம் செய்து எண்ணைப் போட்டால் விடை விழுந்துவிடும் என்பது நம் ஊரில் ஊறிப்போன நம்பிக்கை. பெற்றோர் நம்புகிறார்கள், டியூஷன் சென்டர்கள் நம்புகின்றன, உள்ளங்கை அகல ஃபார்முலா புத்தகம் அச்சடிப்பவர்கள் அதை வைத்தே பிழைக்கிறார்கள். இதற்கு ஒட்டிப் பிறந்த தம்பி ஒருவன் உண்டு: “கணக்கு வராத பிள்ளைக்கு மோல் வராது.” அண்ணன், தம்பி இருவர் சொல்வதும் பொய். அண்ணன் சொல்வது ஆபத்தான பொய்யும்கூட.

முதலில் ஆய்வகத்துக்குப் போவோம். பிளஸ் டூ செய்முறைத் தேர்வு எழுதிய எவரையும் நடுராத்திரியில் எழுப்பிக் கேளுங்கள், வி1என்1 = வி2என்2 என்று சொல்வார். தரம் பார்த்தல் என்றாலே அந்த ஒற்றை வரிதான். ஆக்சாலிக் அமிலம் என்றால் 63-ஆல் பெருக்கு, மோர் உப்பு என்றால் 392-ஆல் பெருக்கு. ஏன் 63 என்று கேட்டால் “சமான நிறை, சார்” என்பார்கள். படிக ஆக்சாலிக் அமிலத்தின் மோலார் நிறை 126 ஆயிற்றே, பாதியை ஏன் எடுத்தாய் என்று அடுத்த கேள்வியைப் போட்டால் வகுப்பு தரையைப் பார்க்கும்.

இதே வரி கல்லூரிக்குப் போகும்போது எம்1வி1 = எம்2வி2 என்று சட்டை மாற்றிக்கொள்கிறது. 0.1 மோலார் கந்தக அமிலத்தை 20 மி.லி. பிப்பெட்டில் எடுத்துக் கூம்புக் குடுவையில் விட்டு, இரண்டு சொட்டு பினாப்தலீன் சேர்த்து, பியூரெட்டில் 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடை நிரப்புங்கள். ஃபார்முலா 20 மி.லி. என்று அடித்துச் சொல்லும். 20 மி.லி. விட்டுப் பாருங்கள். குடுவை நிறமற்றுத்தான் கிடக்கும். 30-லும் அப்படியே. 40-ஐத் தொடும்போதுதான் வெளிர் இளஞ்சிவப்பு எட்டிப் பார்க்கும். ஓர் அமில மூலக்கூறு இரண்டு ஹைட்ரஜன் அயனிகளைத் தரும், அதைச் சரிக்கட்ட இரண்டு ஹைட்ராக்சைடு வேண்டும். இந்த 2 சமன்பாட்டில் கண்ணெதிரே இருக்கிறது. ஃபார்முலாவில் இல்லை.

அப்படியானால் பழைய வி1என்1 எப்படிச் சரியான விடை தந்தது? அந்த 2-ஐ யாரோ முன்கூட்டியே ‘என்’ என்கிற நார்மாலிட்டிக்குள் ஒளித்துவைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். 0.1 மோலார் கந்தக அமிலத்தை 0.2 நார்மல் என்று எழுதிய கணத்தில் கணக்கின் உயிர் முடிந்துவிட்டது, மிச்சம் வெறும் பெருக்கல். அதிலும் ஒரு விபரீதம் உண்டு. ஒரே புட்டியில் இருக்கும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் சமான நிறை அமில ஊடகத்தில் 31.6, நடுநிலை ஊடகத்தில் ஏறக்குறைய 52.7. புட்டி அதேதான், கரைசல் அதேதான், வினை மாறியதும் நார்மாலிட்டி மாறிவிடுகிறது. வினையைப் பார்க்காமல் ஃபார்முலாவை மட்டும் பிடித்துக்கொண்டவன் இங்கே எதைப் பிடித்துக்கொண்டு நிற்பான்?

இந்தக் கணக்குகளின் உள்ளே இருப்பதுதான் என்ன? ஹார்டுவேர் கடையில் போல்ட்டையும் நட்டையும் எடை போட்டுக் கொடுக்கிறார்கள். வாங்கிப்போகிறவருக்கு வேண்டியது எண்ணிக்கை. ஒரு போல்ட் 50 கிராம், ஒரு நட் 20 கிராம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் ஒவ்வொரு கிலோ வாங்கினால் 20 போல்ட், 50 நட். 20 ஜோடி மாட்டலாம், 30 நட் கையில் மிஞ்சும். எடை சமம், எண்ணிக்கை சமமில்லை. இந்தக் கணக்கைக் கடைப் பையனுக்கு எந்த ஃபார்முலாவும் கற்றுத்தரவில்லை.

அணுக்களும் அப்படித்தான், எடை போட்டு எண்ண வேண்டியவை. தராசு கிராமில் பேசும், வினை எண்ணிக்கையில் நடக்கும். இரண்டுக்கும் நடுவே மொழிபெயர்ப்பவர்தான் மோல். ஆகவே மூன்றே படிகள். கிராமை எண்ணிக்கையாக்கு. சமப்படுத்திய சமன்பாடு சொல்லும் விகிதத்தில் அடுத்த பொருளின் எண்ணிக்கைக்குப் போ. அதைத் திரும்பக் கிராமாக்கு. அந்தச் சுண்ணாம்புக் கணக்கையே எடுங்கள். கால்சியம் கார்பனேட்டில் ஒரு மோல் 100 கிராம், அப்படியானால் 25 கிராம் என்பது கால் மோல். ஒன்றுக்கு ஒன்று கிடைக்கும், ஆகவே கால் மோல் சுட்ட சுண்ணாம்பு. ஒரு மோல் 56 கிராம், கால் மோல் 14 கிராம். மீதி 11 கிராம் கார்பன் டை ஆக்சைடாகக் காளவாயின் புகையோடு போயிற்று. வகுத்தல், விகிதம், பெருக்கல் தவிர இதில் வேறு கணிதம் இல்லை. ஆறாம் வகுப்புக் கணக்கைக் காட்டிப் பிள்ளைகளைப் பயமுறுத்திக்கொண்டிருக்கிறோம்.

மோலை எண்ணிக்கையாகப் பார்க்காதவன் எங்கே வழுக்குவான் என்பதை ஒரே கேள்வியில் கண்டுபிடித்துவிடலாம். 4 கிராம் ஹைட்ரஜன், 16 கிராம் ஆக்சிஜன். சேர்ந்து தண்ணீராகும்போது எது முதலில் தீரும்? பாதி வகுப்பு ஹைட்ரஜன் என்று கை தூக்கும், அதுதானே குறைவான எடை! ஆனால் 4 கிராம் ஹைட்ரஜன் 2 மோல், 16 கிராம் ஆக்சிஜன் அரை மோல்தான். அரை மோல் ஆக்சிஜனுக்கு ஒரு மோல் ஹைட்ரஜன் போதும். தீர்ந்துபோவது ஆக்சிஜன். 18 கிராம் தண்ணீர் வரும், 2 கிராம் ஹைட்ரஜன் மிஞ்சும். 18-ம் 2-ம் 20, போட்டதும் 20. விடை சரிதானா என்று கணக்கே திரும்பிச் சொல்கிறது. வினைக்கட்டுப்பாட்டுக் காரணி என்று பாடப்புத்தகம் நீட்டி முழக்குவது இந்த ஹார்டுவேர் கடை விவகாரத்தைத்தான்.

இந்த விகிதக் கணக்குத் துறைக்கு ஜெர்மானியர் யெரேமியாஸ் ரிக்டர் 1792-இல் கிரேக்கச் சொற்களிலிருந்து ஒரு பெயர் கட்டினார், தனிமம் என்பதற்கு ஒன்று, அளவு என்பதற்கு ஒன்று. நாம் வேதிவினைக்கூறு விகிதம் என்கிறோம். அவர் காலத்தில் அணுக்களை எண்ண வழியில்லை. முன்பு மோலுக்கு அளவுகோலாக இருந்த 12 கிராம் கார்பன்-12-இன் தயவும் இப்போது அதற்குத் தேவையில்லை. 2019 மே 20 முதல் உலக அளவீட்டு முறையில் மோல் என்றால் 6.02214076 × 10²³ துகள்கள், அவ்வளவே. டஜன் என்றால் 12 என்பது போல ஒரு எண்ணிக்கை. உலகம் இப்படித் தெளிவாக அறிவித்துவிட்ட பிறகும் நம் பிள்ளைகளுக்கு மோல் என்றால் ‘நிறை வகுத்தல் மூலக்கூறு நிறை’ என்கிற பின்னம்தான்.

“சரி, இதெல்லாம் மார்க் விஷயம்தானே” என்பவர்களுக்காகச் செறிவுக்கு வருகிறேன். மருந்துக்கடையில் கிடைக்கும் ஓஆர்எஸ் பாக்கெட்டை எடுத்துப் படியுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய சூத்திரப்படி 1 லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், சோடியம் குளோரைடு 2.6 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம். கிராமில் பார்த்தால் சர்க்கரை மலை, உப்பு மடு. மோலில் பாருங்கள். 13.5-ஐ 180-ஆல் வகுத்தால் 75 மில்லிமோல் குளுக்கோஸ். உப்பிலிருந்து ஏறக்குறைய 45 மில்லிமோல் சோடியம். சிட்ரேட் 10 மில்லிமோல், ஒவ்வொன்றிலும் மூன்று சோடியம் என்பதால் அதிலிருந்து 30. கூட்டினால் அதுவும் 75! குடல் சுவரில் சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்தே உள்ளே இழுக்கும் ஒரு புரதம் இருக்கிறது, அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் போகிறது. அதனால்தான் குளுக்கோஸ் மோல் கணக்கில் சோடியத்துக்குக் குறையக் கூடாது என்கிறது விதி. 1971-இல் வங்க அகதி முகாமில் திலீப் மகலனாபிஸ் காலரா நோயாளிகளுக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கொடுத்து எண்ணற்ற உயிர்களைக் காத்ததன் பின்னால் இருப்பதும் இந்த வேதியியல்தான்.

இப்போது ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. 1 லிட்டர் பாக்கெட்டை முழுதாகப் பிரித்து 200 மி.லி. டம்ளரில் கொட்டிக் கலக்குகிறார் அப்பா, “மருந்து அதே மருந்துதானே” என்கிறார். மருந்து அதேதான், தண்ணீர் ஐந்தில் ஒன்றாகிவிட்டது. லிட்டருக்கு 75 மில்லிமோலாக இருந்த சோடியம் 375 ஆக ஏறிவிட்டது. நம் ரத்தத்தில் ஓடும் சோடியமே லிட்டருக்கு 135 முதல் 145 வரைதான். குழந்தைக்கு அது மருந்தில்லை, ஆபத்து. மோலாரிட்டியின் ஃபார்முலாவை அந்த அப்பா பள்ளியில் சரியாகவே எழுதி மார்க் வாங்கியிருக்கலாம். பொருளின் அளவு வேறு, செறிவு வேறு என்பதை மட்டும் யாரும் அவர் மனதில் பதிய வைக்கவில்லை.

இன்னொன்று, தொலைபேசியில் நடப்பது. மதுரையில் பெரியப்பா, “வெறும் வயித்துல சுகர் 126-டா” என்று அலறுகிறார். லண்டனில் இருக்கும் சித்தப்பா, “எனக்கு வெறும் 7தாண்ணே” என்று ஆறுதலாகச் சொல்கிறார். இருவருக்கும் ஒரே சர்க்கரை. இங்கே டெசிலிட்டருக்கு மில்லிகிராம், அங்கே லிட்டருக்கு மில்லிமோல். 18-ஆல் வகு என்று இணையம் ஒரு ஃபார்முலா தரும். அந்த 18 எங்கிருந்து வந்தது? குளுக்கோஸின் 180-ஐ, லிட்டரில் பத்து டெசிலிட்டர் என்பதால் 10-ஆல் வகுத்தது. இது தெரியாதவர் நாளை கொலஸ்டிராலையும் அதே 18-ஆல் வகுப்பார். அதன் மூலக்கூறு நிறை குளுக்கோஸைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல்!

விடை வந்தால் புரிந்துவிட்டது என்று பொருள் என்பாரும் உண்டு. 1987-இல் சூசன் நுரென்பெர்ன், மைல்ஸ் பிக்கரிங் இருவரும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரே பாடத்தில் வழக்கமான கணக்கு ஒன்று, மூலக்கூறுகளைப் படமாகக் காட்டி வினைக்குப் பின் என்ன இருக்கும் என்று கேட்கும் கேள்வி ஒன்று. கணக்கைப் போட்டவர்களில் பலர் படத்தில் தோற்றார்கள். ஃபார்முலாவால் விடை எடுக்கலாம், வேதியியலே தெரியாமல் எடுக்கலாம் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லையென்று சொல்ல மாட்டேன். நீட் தேர்வில் 180 நிமிடத்தில் 180 கேள்வி. ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம் தருகிற தேர்வில் நின்று நிதானித்து யோசி என்பது கொடுமையாகத்தான் தோன்றும். ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் நேரத்தைத் தின்பது எது? பத்து ஃபார்முலாவில் எது பொருந்தும் என்கிற தேடல். மூன்று படி தெரிந்தவன் தேடுவதில்லை, எழுதிக்கொண்டே போகிறான். மோலாரிட்டி, மோலாலிட்டி, நிறைச் சதவீதம், மோல் பின்னம் என்று நான்கைந்து ஃபார்முலாவைக் குழப்பிக்கொள்கிறவன், ஒவ்வொன்றிலும் ‘எதில் எத்தனை’ என்று மட்டும் கேட்டுப் பழகியிருந்தால் குழம்பவே வேண்டியதில்லை. ஃபார்முலா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பலமுறை நடந்து தேய்ந்த பாதைக்குத்தான் குறுக்குவழி அழகு. பாதையே போடாமல் குறுக்குவழியில் இறக்கிவிட்டால் பிள்ளை முள்ளில்தான் நிற்கும்.

நான் மாற்றிக்கொண்டது சின்ன விஷயம். ஆய்வகத்தில் இப்போது பியூரெட்டின் குழாயைத் திறக்கும் முன் ஒவ்வொருவரும் எத்தனை மி.லி.யில் நிறம் மாறும் என்று நோட்டில் எழுத வேண்டும். ஏன் என்று ஒரு வரியும் எழுத வேண்டும். ஃபார்முலா எழுதக் கூடாது. முதல் நாள் கந்தக அமிலம் கொடுத்தேன். இருபதுக்கும் மேற்பட்ட நோட்டுகளில் 20 மி.லி. என்று இருந்தது. கடைசி மேசையில், கணக்கில் எப்போதும் தோற்பவள் என்று பெயரெடுத்த பெண் 40 என்று எழுதி, கீழே ஒரு வரி எழுதியிருந்தாள்: “ஒரு அமிலத்துக்கு ரெண்டு காரம் வேணும் சார்.” மற்றவர்களின் குடுவையில் 20-ஐத் தாண்டியும் நிறம் மாறாமல் எல்லாரும் திருதிருவென விழித்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் அவசரப்படாமல் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தாள். அன்று ஒருவர்கூட என்னிடம் எந்த ஃபார்முலா என்று கேட்கவில்லை. அவள் மேசையைச் சுற்றி நின்று, “எப்படித் தெரியும்?” என்று அவளைத்தான் கேட்டார்கள்.