தெற்றுப்பல் ஒரு குற்றமா?

பெண் பார்க்க வருகிறார்கள். காபித் தட்டோடு வந்து நிற்கும் பெண்ணிடம் ஏதோ கேட்கிறார்கள். அவள் சிரிக்கிறாள், உடனே கையால் வாயை மூடிக்கொள்கிறாள். மறுநாள் தகவல் வருகிறது: "எல்லாம் சரி, பல்தான் கொஞ்சம் எடுப்பு."

கோபிநத்தத்திலும் இதே கதைதான், நாம் பிழைக்க வந்த பெங்களூரிலும் இதே கதைதான்.

தெற்றுப்பல் எப்படி வருகிறது? கோரைப்பல் முளைப்பது பதினொன்று, பன்னிரண்டு வயதில். அதற்குள் பக்கத்துப் பற்கள் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. பிந்தி வந்தது மேலே ஏறி நிற்கிறது. பஸ்ஸில் கடைசியாக ஏறியவர் படியில் தொங்குவதைப் போல! இதில் அந்தப் பெண் செய்த பிழை என்ன?

ஜப்பானில் இதே தெற்றுப்பல்லுக்கு 'யாயேபா' என்று பெயர். அதை அழகென்று கருதி, நேரான பல்மீது செயற்கைப் பல் ஒட்டிக்கொண்ட பெண்களும் அங்கே உண்டு. நம்மிலும் "தெத்துப்பல் சிரிப்பு தனி அழகு" என்று சொல்வோர் இல்லையா?

1999-இல் அமெரிக்காவில் கோகிச் என்ற பல் மருத்துவரும் அவர் குழுவினரும், பற்களை வேண்டுமென்றே மாற்றியமைத்த சிரிப்புப் படங்களைப் பலரிடம் காட்டினார்கள். பல்வரிசையின் நடுக்கோடு 4 மில்லிமீட்டர் விலகியிருந்தும் சாதாரண மக்களுக்கு அது குறையாகத் தெரியவில்லை. பல்வரிசை சீரமைப்பு மருத்துவர்களின் கண்ணில்தான் பட்டது. நம் வீட்டுப் பெரியவர்களோ மருத்துவரைவிடக் கூர்மையாகப் பார்க்கிறார்கள்!

காவிரிக்கு அக்கரையில், தர்மபுரிப் பக்கம் இன்னொரு கொடுமை. நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்து பிள்ளைகளின் பற்கள் காவியேறின. பல் துலக்காத சோம்பல் என்று உலகம் பழித்தது. குற்றம் தண்ணீருடையது! அதற்காகத்தான் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது.

இதனால் பல்லைக் கவனிக்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. மெல்ல முடியாமல், துலக்க முடியாமல் பற்கள் நெருக்கியிருந்தால் வைத்தியம் தேவை. "விழப் போகிற பால்பல்தானே" என்று சொத்தையை விட்டுவிடாதீர்கள். பால்பல் காலத்துக்கு முன்பே விழுந்தால், பின்னால் வரும் பல்லுக்கு இடம் போய்விடும். ஏழு வயதுக்குள் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டுங்கள். கம்பி கட்டினால் ஒன்றரை, இரண்டு ஆண்டு பிடிக்கும். தனியாரிடம் செலவு தாங்காது என்றால் அரசு பல் மருத்துவக் கல்லூரியில் விசாரியுங்கள்.

ஆனால் கல்யாணத்துக்காக மட்டும் கடன் வாங்கிக் கம்பி கட்டாதீர்கள். பல்லைப் பார்த்து மாட்டை வாங்கலாம், மருமகளை அல்ல.

கையை எடுத்துவிட்டுச் சிரிக்கட்டும் நம் பெண்கள்.