தட்டில் என்ன இருக்கிறது?

சுங்கை வேயிலிருந்து இத்தாலிக்குச் சுற்றுலா செல்லும் குடும்பத்தின் பயணப் பெட்டியில் உடனடி மீ, ஊறுகாய், பருப்புப்பொடி எல்லாம் இடம்பிடித்துவிடும். குடும்பத்தில் ஒருவர் நனிசைவர் என்றால் இன்னொரு பெட்டியும் சேரும். "சீஸ் இல்லாத சாப்பாடு அங்கே ஏது?" என்று பாட்டி கவலைப்படுவார். அந்தக் கவலையில் பாதி நியாயம்தான் உண்டு.

நனிசைவர் இறைச்சி, மீன், முட்டையோடு பால், நெய், தேன் ஆகியவற்றையும் தவிர்ப்பவர். 'வீகன்' என்னும் ஆங்கிலச் சொல் 1944இல்தான் பிறந்தது. ஆனால், அத்தகைய உணவு ஏழைகளின் அடுப்படியில் அதற்கு முன்பே இருந்தது. இத்தாலியக் கடைகளில் விற்கும் உலர்ந்த பாஸ்தா பெரும்பாலும் கோதுமை ரவையும் தண்ணீரும் மட்டுமே. நேப்பிள்ஸ் நகரத்து மரினாரா பீட்சாவில் தக்காளி, பூண்டு, ஓரிகானோ, ஆலிவ் எண்ணெய் சேரும், சீஸ் கிடையாது. பெயரில் கடல் இருந்தாலும் தட்டில் மீன் இல்லை! ஜெனோவாவில் கொண்டைக்கடலை மாவைக் கரைத்துச் சுடும் ஃபரினாத்தா, நம் அடைக்கு நெருங்கிய உறவு.

சிக்கல் 'சைவம்' என்னும் சொல்லை மட்டும் நம்புவதில் இருக்கிறது. பச்சைப் பசேலென்ற பெஸ்தோ துவையலில் சீஸ் கலந்திருக்கும். புகழ்பெற்ற பார்மிஜானோ சீஸைத் தயாரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த நொதியைச் சேர்ப்பார்கள். பால் குடிக்கும் சைவருக்கே அது ஆகாது. பொலோனியாவின் புதிய பாஸ்தாவில் முட்டை உண்டு.

சுங்கை வேயில் மட்டும் என்ன வாழ்கிறது? தோசையில் நெய், தே தாரிக்கில் கெட்டிப்பால், வெறும் கங்கோங் கீரைப் பிரட்டலில்கூடப் பெலாச்சான். "சைவம்தானே?" என்று கேட்டால், "ஆமாம்" என்றே பதில் வரும். நெய்யும் பாலும் சைவம் என்று நினைத்துச் சொன்னவர் பொய் சொல்லவில்லை. கேள்விதான் போதவில்லை. "நெய் இருக்கிறதா? பெலாச்சான் போட்டீர்களா?" என்று பொருளின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். இத்தாலியில் 'சென்ஸா ஃபொர்மாஜோ', அதாவது சீஸ் இல்லாமல் என்ற இரண்டு சொற்கள் ஒரு பெட்டி உணவைவிடப் பயன்படும்.

இப்படித் துருவிக் கேட்பது நாகரிகமா என்று சிலர் முகம் சுளிப்பர். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, 2014 டிசம்பர் முதல் பால், முட்டை, மீன் உள்ளிட்ட 14 வகை ஒவ்வாமைப் பொருள்கள் பற்றிய தகவலை உணவகங்கள் தந்தே ஆகவேண்டும். அங்கே அது வாடிக்கையாளரின் உரிமை.

பயணப் பெட்டியைப் பூட்டுமுன், அந்தக் குடும்பம் உடனடி மீ உறையையும் ஒருமுறை படித்துப் பார்க்கட்டும். சுவைத்தூளில் கோழியோ இறாலோ இருப்பது அரிதன்று.