பிள்ளையின் பேரில் பண்ணும் பொருத்தனை



பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் நீட் தேர்வுக்கு ஆயத்தமாகும் மாதங்கள் வந்தால், பொருத்தனைக் கவர்களும் வந்துவிடுகின்றன. மகனுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தால் அவனை மிஷனரி மருத்துவனாக ஒப்புக்கொடுப்பேன் என்கிறார் ஒருவர். மகள் தேறினால் அவளுடைய முதல் மாதச் சம்பளம் முழுவதும் ஆலயத்துக்கு என்கிறார் வேறொருவர். கேட்பதற்குப் பக்தியாகத்தான் இருக்கிறது. ஆனால் தேர்வை எழுதப்போவது யார்? ஐந்தரை ஆண்டுகள் படிக்கப்போவது யார்? அந்தச் சம்பளம் யாருடையது? பதினேழு வயதுப் பிள்ளையின் வாழ்நாளை உங்கள் வாக்குக்கு ஈடுவைப்பதை நான் பக்தி என்று சொல்லமாட்டேன்.

நியாயாதிபதிகள் 11ஆம் அதிகாரத்தைத் திரும்ப வாசியுங்கள். அம்மோன் புத்திரரை வெல்ல விரும்பியவன் யெப்தா. பொருத்தனை பண்ணினவனும் அவனே. ஜெயம் அவனுக்குக் கிடைத்தது, விலையை மகள் செலுத்தினாள். அவள் நடனத்தோடு எதிர்கொண்டு வந்தபோது, தன்னை வருத்தத்துக்குள்ளாக்கியவள் என்று அவளையே அவன் குறைசொன்னான். அவளுடைய பெயர்கூட நமக்குத் தெரியாது. மதிப்பெண் குறைந்த பிள்ளையிடம், "உன்னால் நான் சபையில் தலைகாட்ட முடியவில்லை" என்று சொல்லும் தகப்பன் எந்த வீட்டு வாசலில் நிற்கிறான் என்பதை யோசித்துப் பாருங்கள்.

"அன்னாள் பொருத்தனை பண்ணவில்லையா, ஐயா?" என்று கேட்பீர்கள். பண்ணினாள். ஆனால் அவள் பிள்ளைக்குப் பதவி கேட்கவில்லை. பெற்ற பிள்ளையைத் தன் பெருமைக்காக வைத்துக்கொள்ளவும் இல்லை. அதற்குமேல், அவள் பொருத்தனை பண்ணியிருந்தும் தேவன் சாமுவேலைத் தாமே பெயர் சொல்லி அழைத்தார். அந்த இரவில் ஏலி என்ன செய்தார்? சிறுவன் மூன்று முறை எழுந்து ஓடிவந்தான். ஏலி அவனைக் கடிந்துகொள்ளவில்லை. அவனுக்குப் பதிலாகத் தாமே போய் விடைசொல்லவும் இல்லை. மீண்டும் அழைப்பு வந்தால் எப்படிப் பதில் கொடுக்கவேண்டும் என்று கற்றுக்கொடுத்துப் படுக்கைக்கு அனுப்பினார். தம் சொந்தக் குமாரரை வளர்க்கத் தவறியவர்தாம் ஏலி. ஆயினும் பிள்ளைக்குத் துணைநிற்பது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல படம் எனக்குத் தெரியவில்லை.

பொருத்தனைக்கு ஆதரவாகச் சிலர் ஐடா ஸ்கடர் அம்மையாரையும் சொல்லுவதுண்டு. அது சரித்திரத்தைத் தலைகீழாக வாசிப்பது. மிஷனரி மருத்துவர்களின் குடும்பத்தில் 1870இல் பிறந்த அவர், அந்த வாழ்க்கை தமக்கு வேண்டாம் என்றே இருந்தார். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆண்கள், பிரசவத்தில் தவித்த தங்கள் மனைவியருக்காக உதவி கேட்டு வந்தார்கள். ஆண் மருத்துவரான அவருடைய தகப்பனார் வருவதை அவர்கள் ஏற்கவில்லை. மூன்று பெண்களும் இறந்தார்கள். அதன் பின்பே அவர் மருத்துவம் படிக்கத் தீர்மானித்தார். அந்தத் தீர்மானம் அவருடையது.

அடுத்தது சாட்சி நேரம். 2024இல் 23 லட்சத்துக்கும் அதிகமானோர் நீட் எழுதினார்கள். நாடு முழுவதிலும் எம்.பி.பி.எஸ். இடங்கள் ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டியவை. ஏறக்குறைய இருபது பேருக்கு ஓர் இடம். இடம் பெற்றவனை மட்டும் மேடைக்கு அழைத்து, "தேவன் வாசலைத் திறந்தார்" என்று கைதட்டினால், மூன்றாம் வரிசையில் தலைகுனிந்திருக்கும் பெண்பிள்ளை என்ன விளங்கிக்கொள்ளுவாள்? அவளுடைய தாய் குறைவாக உபவாசித்தாள் என்றா? 2007 முதல் தமிழ்நாட்டில் நுழைவுத் தேர்வின்றிச் சேர்க்கை நடந்ததும், 2017இல் நீட் வந்தபின் பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட இயலாத வீடுகள் பட்ட பாடும் நீங்கள் அறிந்தவை. பணம் திறந்த வாசலையும் தேவன்மேல் எழுதிவிடுகிறோம்.

அப்படியானால் பெற்றோர் செய்யத்தக்கது என்ன? முதலாவது, மருத்துவம் படிக்க விருப்பமா என்று கேளுங்கள். "இல்லை" என்ற பதிலும் வரக்கூடிய விதமாய்க் கேளுங்கள். விருப்பம் என்றால் தேர்வை நீங்களும் அறிந்துகொள்ளுங்கள். 2025இல் 180 நிமிடங்களில் 180 கேள்விகள். சரியான விடைக்கு நான்கு மதிப்பெண், தவறான விடைக்கு ஒன்று கழிக்கப்பட்டது. தெரியாததை விட்டுவிடுவதும் அங்கே ஒரு திறமை. "ஒரு கேள்வியையும் விடாதே" என்று ஜெபித்து அனுப்புகிற தாய் பிள்ளைக்கு உதவவில்லை. தேர்வு பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்கியது. வீட்டில் மாதிரித் தேர்வை அதே நேரத்தில், விடைத்தாளில் வட்டம் நிரப்பியே எழுதச் செய்யுங்கள். அந்த மூன்று மணிநேரம் தொலைக்காட்சி ஓடவேண்டாம், உறவினரும் வரவேண்டாம். இரவு முழுவதும் நடக்கும் ஜெபத்துக்குப் பிள்ளையை எழுப்பி அழைத்துவராதீர்கள். உறங்கட்டும். இடம் கிடைக்காவிட்டால் அடுத்தது என்ன என்பதையும் தேர்வுக்கு முன்பே, அமைதியாக, சோறு உண்ணும் வேளையில் பேசிவிடுங்கள்.

2023, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தேர்வு மே மாத முதல் ஞாயிறன்று நடந்தது. 2025இல் பகல் ஒன்றரை மணிக்கு வாயிலை அடைத்துவிட்டார்கள். இனியும் தேர்வு ஞாயிறன்று வருமானால், எழுதும் பிள்ளைகள் அன்று ஆராதனைக்கு வரவேண்டியதில்லை. அவர்களுக்கான ஜெபம் முந்தைய சனிக்கிழமை மாலையில் பத்து நிமிடம் நடைபெறும். அதுவரை வாரநாள் மாலைகளில் ஐந்து மணிமுதல் ஒன்பது மணிவரை, வீட்டில் இடவசதி இல்லாத எந்தப் பிள்ளையும் வந்து படிக்கும்படி சபைக் கூடம் திறந்திருக்கும். பிற மதத்துப் பிள்ளைகளும் வரலாம். தேர்வு முடிவு வந்த வாரத்தில் மதிப்பெண்ணை மேடையில் வாசிக்கப்போவதில்லை. பிள்ளையின் பேரில் எழுதிய பொருத்தனைக் கவரைக் கொண்டுவந்தால், பிரிக்காமல் உங்கள் கையிலேயே திருப்பித் தருவேன்.