இங்கிலீஷில் சொன்னால் நாறாதா?

1/ தட்டிக்கழிக்கிறது, மழுப்புறது, சாக்குச் சொல்றது, டபாய்க்கிறது. நழுவுறதைச் சொல்ல தமிழ்ல இத்தனை வார்த்தை இருக்கு. ஆனா நழுவுறவங்க இதில் ஒண்ணையும் தொட மாட்டாங்க. அவங்க கையில் இருப்பது இங்கிலீஷ். ஒரு டாக்டரா இதைச் சொல்ல வேண்டியிருக்கு. நீளமான இழை, பொறுமையா படிங்க.

2/ புதுக்கோட்டை மாவட்டம், வேங்கைவயல். பட்டியல் சாதி மக்களின் குடியிருப்பு. 2022 டிசம்பரில் பிள்ளைகளுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. தண்ணியில் கோளாறு இருக்கலாம், பாருங்கன்னு மருத்துவர்கள் சொன்னாங்க. டிசம்பர் 26 அன்று 10,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தாங்க. உள்ளே மனித மலம்.

3/ இதையே ‘வாட்டர் கண்டாமினேஷன்’னு சொல்லிப் பாருங்க. மலம் எங்கே? போட்ட கை எங்கே? குடிச்ச பிள்ளை எங்கே? பைப் உடைஞ்சு சாக்கடை புகுந்தாலும் கண்டாமினேஷன்தான். ஒருத்தர் மேலே ஏறிப் போட்டாலும் கண்டாமினேஷன்தான். முன்னது பராமரிப்புக் கோளாறு, பின்னது குற்றம். ரெண்டுக்கும் ஒரே பெயர்னா யாருக்கு வசதி?

4/ விசாரிக்கப் போன ஆட்சியரிடமும் எஸ்.பி.யிடமும் மக்கள் இன்னும் ரெண்டு விஷயம் சொன்னாங்க. டீக்கடையில் இரட்டைக் குவளை. கோயிலுக்குள் விடுவதில்லை. இதை ‘சோஷியல் இஷ்யூ’ என்று எழுதினால் யாருக்கும் வலிக்காது. ‘தீண்டாமை’ என்று எழுதினால் சட்டப் பிரிவு தேட வேண்டியிருக்கும்.

5/ அடுத்து, ‘அண்டர் இன்வெஸ்டிகேஷன்’. 2023 ஜனவரியில் வழக்கு சிபிசிஐடிக்குப் போச்சு. டிஎன்ஏ பரிசோதனை, உயர் நீதிமன்றம் அமைத்த ஒரு நபர் ஆணையம் எல்லாம் வந்தது. 2025 ஜனவரியில் அதே குடியிருப்பைச் சேர்ந்த மூணு பேர் மேல் குற்றப்பத்திரிகை. அந்த மக்கள் ஏற்கவில்லை. சிபிஐ விசாரணை கேட்டாங்க. யார் செய்தது என்பதை நீதிமன்றம் சொல்லட்டும், அது என் வேலை இல்லை. ஆனா அந்த ரெண்டு வருஷத்தில் எந்தக் கேள்விக்கும் அந்த ரெண்டு வார்த்தையே பதிலாக முடிந்ததே, அதைக் கேட்பது நம் எல்லாருடைய வேலை.

6/ எங்க துறை மட்டும் யோக்கியமா? இல்லை. ‘இ.கோலை பாசிட்டிவ்’ என்று குடிநீர் ரிப்போர்ட் வரும். இ.கோலை மனிதர், விலங்குகளின் குடலில் வாழும் கிருமி. அது தண்ணியில் இருக்குன்னா தண்ணியில் மலம் கலந்திருக்குன்னு அர்த்தம். இதை ஊர் மக்களிடம் அப்படியே சொன்னால் அன்னைக்கே குழாயை மூடுவாங்க. பாசிட்டிவ்னு சொன்னால், ஏதோ நல்ல சேதி போல, குடத்தைத் தூக்கிட்டுப் போவாங்க.

7/ ‘லாமா’. மருத்துவர் ஆலோசனையை மீறி வெளியேறினார் என்று பொருள். கையெழுத்து வாங்கிடுவோம். கையில் காசு தீர்ந்து போனவரும் லாமா, பிள்ளைகளை வீட்டில் விட்டுவந்த அம்மாவும் லாமா. காரணம் எழுத அந்தத் தாளில் இடம் தேட வேண்டியிருக்கு. பழி மட்டும் நோயாளி மேல.

8/ “டெக்னிக்கல் டெர்ம் இல்லாம மருத்துவமே பார்க்க முடியாதே டாக்டர்?” சரிதான். ‘ஹார்ட் அட்டாக்’ என்று சொன்னால் என்ன நடந்தது என்பது துல்லியமாகப் புரியும். அந்த இங்கிலீஷோடு எனக்குச் சண்டை இல்லை. தமிழும் புனிதம் இல்லை. ‘ஆவன செய்யப்படும்’, ‘பரிசீலனையில் உள்ளது’ எல்லாம் நம்ம தமிழ்தான். ‘மலம் கலந்த விவகாரம்’ என்ற தலைப்பும் தமிழ்தான். மலம் தானா நடந்துபோய் கலந்ததா? ஆனா தமிழில் மழுப்பினால் கேட்கிறவருக்கு மழுப்பல் என்றாவது தெரியும், எதிர்க்கேள்வி வரும். இங்கிலீஷில் மழுப்பினால் நமக்குத்தான் புரியலையோன்னு கூச்சப்பட்டு எழுந்து வந்துடுவாங்க. அந்தக் கூச்சத்தில்தான் இவங்க பிழைப்பு ஓடுது.

9/ அதனால் இனி யாராவது உங்களிடம் ‘ரெஃபர்’, ‘ப்ராசஸ்ல இருக்கு’, ‘ஃபார்வேர்ட் பண்ணியாச்சு’ என்றால் எழுந்து வராதீங்க. மூணே கேள்வி கேளுங்க. யார் செய்யணும்? எந்தத் தேதிக்குள்ள? செய்யலைன்னா நான் யாரைப் பார்க்கணும்? ரெஃபர்னா எந்த ஊர், எந்த வார்டு, அங்கே பேசியாச்சான்னு கேளுங்க. டாக்டர் கோபப்பட்டா படட்டும். பதிலைத் தமிழில் சொல்லச் சொல்லி, அங்கேயே எழுதி வாங்குங்க.